ஒரே ஒரு பாடகர்: கோனேட்டம்பேட்டை எந்தப் பக்கம்?

எல்லைக்கல் (பள்ளிப்பட்டு), இரவு 8.40

"உங்களுக்கு ஒரே ஒரு பாடகர்தான் என்றால் யார், ஏன்?" என்று நேற்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பாலக்காட்டுப் பக்கத்து நண்பர் கொழிஞ்சாம்பாறை இளநீர் எழுதிய பதிலை அப்படியே எடுத்துப் போடுகிறேன்:

"எனக்கு யேசுதாஸ்தானுங்க. பாலு நல்லாப் பாடுவாரு, இல்லேன்னு சொல்லல. ஆனா முறையா சங்கீதம் படிச்சவரில்ல. போதாக்குறைக்கு நெல்லூர்க்காரரு. தமிழ்நாட்டுக்காரங்க எதுக்கு அவரைத் தூக்கி வச்சு ஆடறாங்கன்னே தெரியலீங்க."

ராத்திரி தூக்கம் வரவில்லை. சங்கீதம் படித்தாரா என்பது கிடக்கட்டும். அந்த "நெல்லூர்க்காரர்" இருக்கிறதே, அதை முதலில் தீர்ப்போம். எஸ்.பி. பாலசுப்ரமணியம் பிறந்தது 1946 ஜூன் 4. பிறந்த ஊர் கோனேட்டம்பேட்டை. அந்த ஊர் இருப்பது திருவள்ளூர் மாவட்டம், பள்ளிப்பட்டு வட்டம். தகப்பனார் சாம்பமூர்த்தி நெல்லூரில் ஹரிகதை சொன்னார் என்பதற்காகப் பிள்ளை நெல்லூரில் பிறந்ததாக ஆகிவிடாது. நில அளவையில் 31 வருஷம் சங்கிலி பிடித்தவன் நான். எல்லையைப் பற்றி என்னிடம் யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

என்னுடைய ஒரே பாடகர் பாலு. காரணம் மேலே சொல்லியாயிற்று.

சுசீலா ரசிகை (சத்தியவேடு), இரவு 8.52

மேலே சொன்னது காரணமா, முகவரியா?

முதல்ல ஒண்ணு தெளிவாகட்டும். ஒரே ஒருவர்னா பிடிச்சவரா, சிறந்தவரா? ரெண்டும் வேற. எனக்குப் பிடிச்ச ஊறுகாய் எங்க அம்மா போட்டது, அதுக்காக அது உலகத்துலேயே சிறந்த ஊறுகாய்னு நான் சண்டைக்கு வரமாட்டேன். யாராவது இதைச் சொல்லிட்டுத் தொடங்குங்க.

எனக்குப் பி. சுசீலா. ஏன்னு பிறகு சொல்றேன், இடம் கிடைச்சா.

கொழிஞ்சாம்பாறை இளநீர், இரவு 9.05

எல்லைக்கல் ஐயாவுக்கு வணக்கமுங்க. தூக்கத்தைக் கெடுத்ததுக்கு மன்னிக்கோணும். நெல்லூர்னு நான் எழுதினது அவரு வளர்ந்த ஊரை நெனச்சு. அங்கிருந்த பூர்வீக வீட்டைத்தான 2020-ல காஞ்சி மடத்துக்கு வேத பாடசாலைக்குன்னு குடுத்தாரு? அவர் பேர்ல அரசாங்க இசைப்பள்ளி இருக்கறதும் அங்கதானுங்க. கோனேட்டம்பேட்டையில என்னங்க இருக்குது?

இனி யேசுதாஸ். அப்பா அகஸ்டின் ஜோசப்பே பாட்டுக்காரரு, நாடக நடிகரு. அவருகிட்ட பாடம், அப்பறம் திருப்பூணித்துறை இசைக் கல்லூரி, அதுக்கும் அப்பறம் எங்க செம்பை வைத்தியநாத பாகவதர். எங்கன்னு சொல்றது சும்மா இல்லீங்க. கோட்டாயி பக்கத்துல செம்பை கிராமம், பார்த்தசாரதி கோயில், ஏகாதசிக் கச்சேரி. நான் மூணு தடவை போயிருக்கறனுங்க. ஒரு தடவை கூட்டத்துல முன்னால போக முடியல. பின்பக்கம், அண்டா கழுவற தொட்டிகிட்ட நின்னுதான் கேட்டேன். அங்க சொல்லு ஒண்ணும் வெளங்காது. சுருதி மட்டும் வருது. காதுல வர்ற மாதிரி இல்லீங்க, தரையில வர்ற மாதிரி. அண்டா கழுவிட்டிருந்த அம்மா கையில சாம்பலோட அப்படியே உக்காந்துட்டாங்க. எனக்குக் காரணம் அவ்வளவுதான்.

நகரி லூம், இரவு 9.11

எல்லைக்கல் அண்ணா, ஒரே கேள்வி. 1946-ல கோனேட்டம்பேட்டை எந்த ஜில்லா?

எல்லைக்கல் (பள்ளிப்பட்டு), இரவு 9.13

வந்துவிட்டார். இவர் வராமல் இழை நிறையாது என்று எனக்குத் தெரியும்.

சித்தூர் ஜில்லா. அதனால்?

நகரி லூம், இரவு 9.14

சித்தூர் இன்னைக்கு எங்க கீது?

எல்லைக்கல் (பள்ளிப்பட்டு), இரவு 9.26

கேள்வி இன்றைக்கு எங்கே இருக்கிறது என்பதல்ல, 1946-ல் எங்கே இருந்தது என்பது. சித்தூர் ஜில்லா என்று ஒன்று பிறந்ததே 1911-ல்தான். அதற்கு முன் இந்தப் பக்கமெல்லாம் வட ஆற்காடு. 1946-ல் சித்தூர் ஜில்லா மெட்ராஸ் மாகாணம். ஆந்திரா என்று ஒரு மாநிலம் ஏற்பட்டது 1953 அக்டோபர் 1. அப்போது பாலுவுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடி, பிறகு எல்லையைப் பிரித்துக் கொடுத்த படாஸ்கர் தீர்ப்பு வந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் திரும்பின. ஆக இந்த ஊர் ஆந்திராவில் இருந்தது மொத்தமே ஆறரை வருஷம். அந்த ஆறரை வருஷத்தில் அவர் பிறக்கவில்லை.

திரும்பச் சொல்கிறேன், 1946-ல் அது மெட்ராஸ் மாகாணம்.

நகரி லூம், இரவு 9.35

மெட்ராஸ் மாகாணத்துல நெல்லூரும்தான் இருந்துச்சு, கர்னூலும்தான் இருந்துச்சு. அப்ப கர்னூல்காரனும் தமிழனா? சித்தூர் ஜில்லான்னு நீங்களே எழுதிட்டீங்க. சித்தூர் ஜில்லா எங்களுது. முடிஞ்சுது.

நானும் தமிழன்தான், அதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேணாம். ஆனா பாலு தெலுங்கு வீட்டுப் பிள்ளை. நெல்லூர்ல வளர்ந்து, அனந்தபூர்ல இன்ஜினியரிங் சேர்ந்து டைஃபாய்டு வந்து விட்டவரு. 1966-ல முதல் பாட்டு பாடினதும் தெலுங்குலதான், கோதண்டபாணி இசையில. மொத்தத்தையும் எங்ககிட்ட எடுத்துகினு, பிறந்த ஒரு ஊரை வச்சு உரிமை கொண்டாடறது இன்னா நியாயம்?

எனக்கும் ஒரே பாடகர் பாலுதான். அதான் இவ்ளோ கோபம்.

புத்தூர் கட்டு, இரவு 9.37

ரெண்டு பேருக்கும் ஒரே பாடகர். அப்புறம் எதுக்குச் சண்டைன்னு கேக்கறவன் எல்லைப்பக்கம் பிறக்காதவன்.

எல்லைக்கல் ஐயா, உங்க வாதம் ரெண்டு இடத்துல முறிஞ்சிருக்கு. எங்க ஊருக்கு வாங்க, மூங்கில் பத்தை வச்சுக் கட்டி விடறோம்.

தணிகை 365, இரவு 9.44

திருத்தணி மலைப் படி ஏறி இறங்கி வந்து பார்த்தால் இங்கே ஜில்லா கணக்கு ஓடுகிறது.

ஒரே ஒருவர் என்றால் எம்.எஸ். விஸ்வநாதன். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் 1928-ல் பிறந்த மலையாளி. தமிழ்நாட்டில் எந்த அரசு விழா என்றாலும் முதலில் எழுந்து நிற்கிறோமே, அந்தத் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டுப் போட்டவர். எழுதிய மனோன்மணீயம் சுந்தரனார் 1855-ல் ஆலப்புழையில் பிறந்தவர். எழுத்தும் அங்கிருந்து, மெட்டும் அங்கிருந்து. 55 வினாடி நாம் நிமிர்ந்து நிற்கிறோம். யாராவது "1928-ல் எலப்புள்ளி எந்த ஜில்லா" என்று கேட்டுவிட்டா நிற்கிறோம்?

எல்லைக்கல் (பள்ளிப்பட்டு), இரவு 9.47

கேட்டது பாடகர். இசையமைப்பாளர் இல்லை. தலைப்பைப் படியுங்கள்.

எலப்புள்ளி 1928-ல் மலபார் ஜில்லா. மெட்ராஸ் மாகாணம்.

தணிகை 365, இரவு 9.49

எம்.எஸ்.வி. பாடவும் பாடியிருக்கிறார். அவர் உச்சஸ்தாயியில் எடுக்கும்போது தொண்டை நரம்பு நமக்குப் புடைக்கும். அழகான குரலா என்றால் இல்லை. அதனால்தான் பிடிக்கும்.

சங்கீதம் படிக்காதவர் என்று கொழிஞ்சாம்பாறைக்காரர் சொன்னதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சங்கராபரணம் படத்துக்கு அந்தப் படிக்காதவரைப் பாட வைத்தவர் கே.வி. மகாதேவன். பாலுவுக்கு முதல் தேசிய விருது அதற்குத்தான். மகாதேவன் நாகர்கோவில் கிருஷ்ணன்கோவில்காரர். அவருக்குத் தெரியாத சங்கீதம் நமக்குத் தெரிந்துவிட்டதா?

சுசீலா ரசிகை (சத்தியவேடு), இரவு 9.58

பிடிச்சவரா, சிறந்தவரா? இன்னும் யாரும் சொல்லல. பரவாயில்ல.

1960 ஏப்ரல் 1 பத்தி எல்லைக்கல் சார் பெருமையா எழுதியிருக்கார். அன்னைக்குத்தான் சார் எங்க சத்தியவேடு செங்கல்பட்டு ஜில்லாவுலேர்ந்து ஆந்திராவுக்குப் போச்சு. உங்களுக்கு வந்தது எங்களுக்குப் போனது. எங்க பாட்டி கடைசி வரைக்கும் "நம்மள வித்துட்டானுங்க"ன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க. அதைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

எல்லைக்கல் (பள்ளிப்பட்டு), இரவு 10.04

வருத்தத்துக்குரியது. ஆனால் சத்தியவேட்டில் பாலு பிறக்கவில்லை.

கொழிஞ்சாம்பாறை இளநீர், இரவு 10.10

இந்த மெட்ராஸ் மாகாணக் கணக்கைக் கொஞ்சம் பாத்தனுங்க. யேசுதாஸ் பிறந்தது 1940 ஜனவரி 10, கோட்டைக் கொச்சி. கொச்சின்னதும் மகாராஜா நாடுன்னு நெனப்பீங்க. கோட்டைக் கொச்சி மட்டும் வெள்ளைக்காரன் கையில, பிரிட்டிஷ் கொச்சின்னு இருந்துச்சு. மலபார் ஜில்லா. மலபார் ஜில்லா எந்த மாகாணமுங்க?

நீங்களே சொல்லுங்க, நான் காத்திருக்கேன்.

புத்தூர் கட்டு, இரவு 10.11

மூங்கில் பத்தை பத்தாது போலிருக்கே.

நகரி லூம், இரவு 10.12

அண்ணா எங்க? டைப் பண்ணிகினு இருக்காரா, ரிஜிஸ்டர் தேடிகினு இருக்காரா?

எல்லைக்கல் (பள்ளிப்பட்டு), இரவு 10.31

சாப்பிடப் போயிருந்தேன். சாப்பிடக் கூடாதா?

பிரிட்டிஷ் கொச்சி விஷயம் உண்மைதான். ஆனால் மாகாணத்தில் இருந்தது வேறு, இன்றைக்கு நம் வட்டத்தில் இருப்பது வேறு. கோனேட்டம்பேட்டைக்கு இரண்டும் பொருந்தும். கோட்டைக் கொச்சிக்கு ஒன்று மட்டும்தான். நான் தொடக்கத்திலிருந்தே இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லிவருகிறேன், மேலே போய்ப் பார்க்கலாம்.

இன்னொன்று. நண்பரே, உங்கள் கொழிஞ்சாம்பாறை எந்தத் தாலுக்கா? சித்தூர். அந்தச் சித்தூர் தாலுக்கா அப்போது கொச்சி ராஜ்ஜியம். ஆக யேசுதாஸ் மெட்ராஸ் மாகாணம், எம்.எஸ்.வி. மெட்ராஸ் மாகாணம், பாலு மெட்ராஸ் மாகாணம். இந்த இழையில் மாகாணத்துக்கு வெளியே இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

கொழிஞ்சாம்பாறை இளநீர், இரவு 10.38

வெளியே இருந்தாலும் தென்னை நம்முளுதுங்க. மரத்துக்கு மாகாணம் தெரியாது.

சித்தூர்னு எடுத்தீங்களே, நல்லதாப் போச்சு. யேசுதாஸுக்கு 1961 நவம்பர் 14-ல முதல் பாட்டு குடுத்தது எம்.பி. சீனிவாசன். நாராயண குருவோட வரி. சாதி மதம்னு பிரிக்காதேங்கற பாட்டு. அந்த சீனிவாசன் பிறந்தது சித்தூருங்க! எங்க தாலுக்கா மண்ணு. அதையும் பெருமையா எழுதிக்கறேன்.

நகரி லூம், இரவு 10.40

எந்த சித்தூர்?

கொழிஞ்சாம்பாறை இளநீர், இரவு 10.41

சித்தூர்னா சித்தூர்தானுங்க. ஆத்தங்கரை சித்தூர்.

நகரி லூம், இரவு 10.43

அண்ணா, எம்.பி. சீனிவாசன் பிறந்தது எங்க சித்தூர். ஆந்திரா சித்தூர். மாம்பழக் கூழு ஃபேக்டரி கீற சித்தூர். உங்க யேசுதாஸுக்கு முதல் மைக்கைக் குடுத்தவரே எங்க ஜில்லாக்காரரு. போய்ப் படிச்சுட்டு வாங்க.

எல்லைக்கல் (பள்ளிப்பட்டு), இரவு 10.45

1925-ல் பிறந்தவர். அப்போது அதுவும் மெட்ராஸ் மாகாணம்.

புத்தூர் கட்டு, இரவு 10.46

ரெண்டு சித்தூருக்கும் நடுவுல ஒரு பஸ் விடச் சொல்லுங்கப்பா. கண்டக்டரா எல்லைக்கல் ஐயா. "சித்தூர் ஏறு, சித்தூர் இறங்கு."

கொழிஞ்சாம்பாறை இளநீர், இரவு 11.02

பாத்தனுங்க. ஆந்திரா சித்தூர்தான் போலிருக்குது. அதனால ஒண்ணும் கொறஞ்சு போகல. குடுத்தது சித்தூர்க்காரருன்னாலும் வாங்கினது யேசுதாஸ்தானுங்க.

சங்கீதம் பத்தி ஒருத்தரும் பதில் சொல்லல. மகாதேவன் பேரைச் சொல்லித் தப்பிச்சுட்டீங்க. பாலு பாட வந்து 50 வருஷம் ஆனப்ப யேசுதாஸைக் கூப்பிட்டு உக்கார வச்சு, பாதபூஜை பண்ணினாரு. ஏனுங்க? அவருக்கே தெரியும், யாரு எங்க நிக்கறாங்கன்னு. எண்ணிக்கையிலயும் தேசிய விருது யேசுதாஸுக்கு எட்டு, பாலுவுக்கு ஆறு.

எல்லைக்கல் (பள்ளிப்பட்டு), இரவு 11.08

மூத்தவருக்கு மரியாதை செய்வது பண்பு. அந்தப் பண்பு இந்த வட்டத்து மண்ணில் விளைவது.

ஆறு விருதும் நான்கு மொழியில். தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி. 40,000 பாட்டு.

தணிகை 365, இரவு 11.15

40,000 கதை மறுபடியும் வந்துவிட்டது. 1966 முதல் 2020 வரை 54 வருஷம். வருஷத்துக்கு 740 பாட்டு. தீபாவளி பொங்கல் ஜுரம் எதுவும் பார்க்காமல் தினமும் இரண்டு. பாடியிருக்க முடியாது என்று சொல்லவில்லை. ஒரே நாளில் பதினைந்துக்கு மேல் பாடிய நாளும் உண்டு என்பார்கள். ஆனால் எண்ணியது யார்?

சுசீலா ரசிகை (சத்தியவேடு), இரவு 11.19

எண்ணிப் பார்த்தது சுசீலாம்மா பாட்டைத்தான். 17,695. ஆறு மொழி. 2016-ல கின்னஸ்ல ஏத்தினாங்க. பாடகிக்குன்னு தேசிய விருது தொடங்கின வருஷம் முதல்ல வாங்கினதும் அவங்கதான். இவ்வளவு நேரம் ஆம்பளைங்க பேரு மட்டும் வரிசையா வந்தாச்சு. ஒரே ஒருவர்ன்னா ஆம்பளைதான்னு எங்கயாவது எழுதியிருக்கா?

எனக்கு ஏன் பிடிக்கும்னா, அவங்க "ழ" சொல்லும்போது

எல்லைக்கல் (பள்ளிப்பட்டு), இரவு 11.20

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 40,000 என்பது ஊரறிந்த கணக்கு. அதைக் கேள்வி கேட்பவர்கள் முதலில் கோனேட்டம்பேட்டை விஷயத்தில் தங்கள் நிலையைத் தெளிவுபடுத்த வேண்டும். தணிகை 365, நீங்கள் திருத்தணிக்காரர். வடக்கெல்லைப் போராட்டம் இல்லையென்றால் நீங்களும் இன்று பெயர்ப்பலகையைத் தெலுங்கில் படித்துக்கொண்டிருப்பீர்கள். 1946-ல் அது மெட்ராஸ் மாகாணமா, இல்லையா? ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

தணிகை 365, இரவு 11.22

ஆம். அதனால் பாலு நன்றாகப் பாடினாரா?

சுசீலா ரசிகை (சத்தியவேடு), இரவு 11.23

நான் பாதி வாக்கியத்துல தவறிப்போய் அனுப்பிட்டேன். முடிக்கறதுக்குள்ள வந்துட்டீங்க. சந்தோஷம்.

நகரி லூம், இரவு 11.40

ஆறரை வருஷம்னு நக்கலா எழுதிகிறீங்க அண்ணா. அந்த ஆறரை வருஷம் உங்களுக்கு முடிஞ்சுது. எங்களுக்கு முடியல. நாங்க இன்னும் அங்கதான் கீறோம்.

பாலு ஏன்னு நான் சொல்றேன், ஜில்லாவை விட்டுட்டு. எங்க நைனா ஷெட்டுல 16 தறி. ஓட ஆரம்பிச்சா பக்கத்துல நிக்கறவன் பேசறது கேக்காது, சைகைதான். நாடா இந்தப் பக்கம் அடிச்சு அந்தப் பக்கம் போற சத்தத்துல ஒரு பாட்டு உள்ள நுழையணும். தூணுல ரேடியோ கட்டி வச்சிருப்பாரு, மெட்ராஸ் விவித் பாரதி. யேசுதாஸ் பாட்டு வந்தா, நல்லா இல்லேன்னு சொல்லல, கீழ போற இடமெல்லாம் தறியோட போயிடும். மேல வர்ற வரைக்கும் காத்துகினு இருக்கணும். கொழிஞ்சாம்பாறை அண்ணா சொன்னாரே தரையில வருதுன்னு, எங்க தரையில ஏற்கெனவே 16 தறி ஆடுது. பாலு குரல் அதுக்கு மேல நிக்கும். ஒவ்வொரு சொல்லும் கேக்கும். பாட்டு நடுவுல சிரிப்பாரு இல்ல, அந்தச் சிரிப்பு கூட கேக்கும். நைனாவுக்கு ஊடை அறுந்துச்சுன்னா தறி சத்தத்துலதான் தெரியும், அதனால ரேடியோவைச் சத்தமா வைக்க மாட்டாரு. கம்மி சவுண்டுலயே கேட்டுச்சு. அவ்ளோதான் என் சங்கீதம்.

இப்ப எல்லைக்கல் அண்ணா பத்தி ஒண்ணு. போன ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில ஒரு ஆர்கெஸ்ட்ரா. என் பொண்ணு ஒரு பாட்டு பாடணும்னு ஒரு மாசம் பழகி, பேப்பர்ல எழுதி எடுத்துகினு மேடை ஓரம் நின்னுச்சு. அண்ணா மைக்கைப் பிடிச்சாரு. நாலு பாட்டு. நாலும் பாலு பாட்டு. பத்தரைக்கு மைக்கை ஆஃப் பண்ணிட்டாங்க. அந்தப் பேப்பர் இன்னும் எங்க ஊட்டு பீரோவுல கீது.

எல்லைக்கல் (பள்ளிப்பட்டு), இரவு 11.47

மூன்று பாட்டு. நான்காவது, ஆர்கெஸ்ட்ராக்காரர்களே கேட்டதால் பாடியது. ஒன்ஸ் மோர் கேட்டால் மறுப்பது மேடை மரியாதை இல்லை.

நகரி லூம், இரவு 11.48

கேட்டது யாரு? உங்க மச்சான்.

எல்லைக்கல் (பள்ளிப்பட்டு), இரவு 11.52

மச்சானும் ரசிகர்தான்.

அந்தத் தாளில் பாட்டு எந்த எழுத்தில் இருந்தது என்பதையும் நண்பர் சொல்லியிருக்கலாம். நான் பார்த்தேன். தெலுங்கு எழுத்து. தமிழ்ப் பாட்டைத் தெலுங்கில் எழுதிப் படிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டு, "நானும் தமிழன்தான்" என்பது எப்படி?

சுசீலா ரசிகை (சத்தியவேடு), இரவு 11.54

இது கேவலம் சார்.

தணிகை 365, இரவு 11.55

மேடையில் அந்தத் தாளை எட்டிப் பார்த்தீர்கள், மைக்கைக் கொடுக்கவில்லை. நன்றாக இருக்கிறது.

நகரி லூம், நள்ளிரவு 12.03

எங்க ஊர் ஸ்கூல்ல தமிழ் சொல்லித் தர்றவங்க இல்ல அண்ணா. இருந்தா போட மாட்டோமா? வீட்ல நான் சொல்லித் தர்றேன், "க" "ங" வரைக்கும் வந்துகிறோம். ரேஷன் கார்டு தெலுங்கு, பஸ் போர்டு தெலுங்கு, பரீட்சை தெலுங்கு. பாட்டு மட்டும் தமிழ்.

நீங்க தலையில தூக்கி வச்சிருக்கற பாலுவும் தமிழ்ப் பாட்டைத் தெலுங்கு எழுத்துலதான் எழுதி வச்சுப் பாடுவாராம். அவருகிட்ட போய் "எந்த எழுத்து"ன்னு கேட்டிருப்பீங்களா? கேட்டிருந்தா சிரிச்சிருப்பாரு. அந்தச் சிரிப்பைத்தான் மேல எழுதினேன்.

கொழிஞ்சாம்பாறை இளநீர், நள்ளிரவு 12.09

நகரித் தம்பி, எங்க பக்கமும் அப்படித்தானுங்க. என் பையன் தமிழ் பேசுவான், எழுதறது மலையாளம். எல்லைக்கல் ஐயாவுக்கு ஒரு வரி: பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டுருங்க, கோனேட்டம்பேட்டையை நான் உங்களுக்கே எழுதித் தந்தர்றேன்.

ஆனாலும் யேசுதாஸ்தானுங்க.

தணிகை 365, நள்ளிரவு 12.14

யேசுதாஸ் விஷயத்தில் ஒன்று மட்டும். "திரு" என்பதைத் "தெரு" என்று பாடினார் என்று ஊரே சொல்லிச் சிரித்த பழைய ஜோக் ஒன்று உண்டே, அதற்கு என்ன பதில்?

கொழிஞ்சாம்பாறை இளநீர், நள்ளிரவு 12.16

நாப்பது வருஷமா அந்த ஒரே ஜோக்கைத்தான் சொல்றீங்க. அவ்வளவு பாட்டுல ஒரு எழுத்துத்தான் உங்களுக்குக் கெடச்சுதுன்னா அதைவிட அவருக்கு என்னங்க சர்ட்டிபிகேட் வேணும்?

புத்தூர் கட்டு, நள்ளிரவு 12.18

தளபதியில ரெண்டு பேரும் சேர்ந்து பாடி 1991-லயே சண்டையை முடிச்சுட்டாங்க. அவங்க முடிச்சது நமக்குத் தகவல் வரல.

எல்லைக்கல் (பள்ளிப்பட்டு), நள்ளிரவு 12.25

பேச்சு திசை திரும்புகிறது. திருப்புகிறவர்கள் யார் என்பது தெரிகிறது.

ஆர்கெஸ்ட்ரா விஷயம் தனிப்பட்டது. அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். இங்கே எழுப்பியிருக்கக் கூடாது. நான் எழுப்பிய கேள்விக்கு மூன்று மணி நேரமாக ஒருவரும் ஆவணத்தோடு மறுப்புத் தரவில்லை. பாலு மறைந்த பிறகு தாமரைப்பாக்கம் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தார்கள். அதுவும் திருவள்ளூர் மாவட்டம். பிறந்ததும் திருவள்ளூர் மாவட்டம், அடங்கியதும் திருவள்ளூர் மாவட்டம். நடுவில் நெல்லூர், அனந்தபூர் எல்லாம் பயணம். "தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்" என்று ம.பொ.சி. சொன்னார். ஒரு பிறந்த ஊரையாவது நாம் காக்க வேண்டாமா?

நகரி லூம், நள்ளிரவு 12.27

1946-ல சித்தூர் ஜில்லா.

எல்லைக்கல் (பள்ளிப்பட்டு), நள்ளிரவு 12.28

1946-ல் மெட்ராஸ் மாகாணம்.

நகரி லூம், நள்ளிரவு 12.28

சித்தூர் ஜில்லா.

சுசீலா ரசிகை (சத்தியவேடு), நள்ளிரவு 12.33

நான் தொடங்கினதை முடிச்சுட்டுப் போறேன், யாரும் படிக்கலேன்னாலும். சுசீலாம்மாவுக்கும் தாய்மொழி தெலுங்குதான். ஆனா அவங்க பாட்டுல "ழ" வர்ற இடத்துல நாக்கு எங்க போய் நிக்குதுன்னு எனக்குக் கேக்கும். எங்க தெருவுல பாதிப் பேருக்கு "ழ" வராது, எனக்கும் சின்ன வயசுல வரல. எங்க அம்மா அடிக்கல, திட்டல. சுசீலாம்மா பாட்டு வர்றப்ப ரேடியோகிட்ட கூட்டிட்டுப் போய் "பாரு, அவங்களுக்கு வருது, உனக்கு வராதா"ன்னு சொன்னாங்க. ரெண்டு மாசத்துல வந்துச்சு.

எல்லைக்கல் (பள்ளிப்பட்டு), நள்ளிரவு 12.36

அருமை. சுசீலா அம்மையார் பிறந்தது 1935, விசாகப்பட்டினம் பக்கத்து விஜயநகரம். அதுவும் அப்போது மெட்ராஸ் மாகாணம்தான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

தணிகை 365, நள்ளிரவு 12.37

லதா மங்கேஷ்கர்?

எல்லைக்கல் (பள்ளிப்பட்டு), நள்ளிரவு 12.39

இந்தூர். சமஸ்தானம். நான் கேட்பதில்லை.

நகரி லூம், நள்ளிரவு 12.41

கரண்ட் வந்துடுச்சு. ரெண்டாவது ஷிஃப்டு பாவு பாதியில நிக்குது, போறேன். காலைல வந்து 1953 பத்திப் பேசறேன், அண்ணா ஓடிடாதீங்க.

எல்லைக்கல் (பள்ளிப்பட்டு), நள்ளிரவு 12.42

எனக்கு எங்கே தூக்கம் வரப்போகிறது. இங்கேதான் இருக்கிறேன்.